நீச்சல் தெரிந்தால் போதாது: முப்பது வருடம் நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை இன்று திருத்துகிறேன்



பதிவு நீளம்தான். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முழுதாகப் படித்துவிட்டு லைக் போடுங்கள். படிக்காமலே கும்பிடு பொம்மை போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவில் மினசோட்டாவிலிருந்து ஒரு போட்டோ போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். விடிந்தும் விடியாத நேரம். நாணல் சூழ்ந்த ஏரி. சின்ன அலுமினியப் படகு. அதில் இவனும் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரும், ஒரு கறுப்பு நாய், கையில் துப்பாக்கி, காலடியில் சுட்ட வாத்துகள்.

கீழே நூறு கமெண்டுக்கு மேல். பாதிப் பேர் "மாஸ்டா மச்சி" என்கிறார்கள். மீதிப் பேர் "வாயில்லா ஜீவனைக் கொல்லலாமா?" என்று சண்டை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை, நீ இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம். அந்த நாட்டில் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட பருவத்தில், இத்தனை பறவைதான் என்ற கணக்கோடு சுடலாம். 1934 முதல் வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்கும் 'வாத்து முத்திரை'ப் பணத்தில்தான் அங்கே ஏராளமான சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றுகிறார்கள். சரியா தவறா என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று லைஃப் ஜாக்கெட்டும் படகில் இருக்கின்றன. இரண்டு பின்னால் மடித்துக் கிடக்கின்றன. மூன்றாவதை என் மாணவன் மெத்தை மாதிரி போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறான்! வாத்துக்காக வருத்தப்பட நாற்பது பேர் இருந்தீர்கள். அவனுக்காக ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

நான் கேட்டேன். அவன் பதில்: "டீச்சர், நீங்கதானே சொன்னீங்க, நீச்சல் தெரிஞ்சவனுக்குத் தண்ணியில பயமில்லைன்னு? நான் கொள்ளிடத்துல நீந்தினவன் டீச்சர்!"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அந்த வாக்கியம் என்னுடையதுதான்.

1989 ஆடிப்பெருக்கு அன்று என் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கொள்ளிடத்தில் போய்விட்டான். நீச்சல் தெரியாது. மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது இந்தக் கைதான். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் சண்டை போட்டேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு கோடை விடுமுறைக்கு முன்னாலும் கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினேன். நம் ஊருக்கு அது சரியான பாடம். ஆனால் நீங்கள் இப்போது நம் ஊரில் இல்லையே! மினசோட்டா, டொரண்டோ, நார்வே என்று போய்விட்டீர்கள். அங்கே அது அரைப் பாடம். அதை நம்பி இறங்கினால் உயிர் போகும். அதனால் நானே திருத்துகிறேன்.

"டீச்சருக்கு வாத்து வேட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் வீட்டில், அதே மினசோட்டாவில், ஒரு அக்டோபர், நவம்பர் இருந்திருக்கிறேன். மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பருடைய படகில் இதே வேட்டைக்குப் போனார். திரும்பி வந்தவர் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறார். உதடு நீலம். சட்டைப் பித்தானைக் கழற்ற விரல் மடங்கவில்லை. மகள்தான் கழற்றினாள். கரையிலிருந்து பத்தடி தூரம். நாய் துள்ள, படகு சாய, இவர் விழுந்துவிட்டார். தண்ணீர் மார்பளவுதான். இவர் சிறு வயதில் மொட்டைக் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர். அவர் என்னிடம் சொன்னது இது: "அத்தை, நீந்தணும்னே தோணலை. மூச்சை அடக்க முடியலை. வாய் தானாத் திறந்து இழுத்துச்சு. நல்லவேளை, அந்த நேரம் தலை மேலே இருந்துச்சு."

நல்லவேளை! அந்தக் குடும்பம் அன்று தப்பித்தது அந்த ஒரு சொல்லில்தான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

நம் கிணற்றுத் தண்ணீர் 27, 28 டிகிரி இருக்கும். நவம்பரில் அந்த ஏரித் தண்ணீர் நம் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில் தண்ணீர் மாதிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே பனித் தண்ணீரில் இறங்கிச் சோதித்துப் பார்த்தவர். அவர் ஒரு வாய்ப்பாடு சொல்கிறார். 16ஆம் வாய்ப்பாட்டை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஒன்று, பத்து, ஒன்று.

முதல் ஒரு நிமிடம்: மூச்சு உன் வசம் இருக்காது. விழுந்த கணமே உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றில்லை, தண்ணீர். பிறகு நாய் இளைப்பது போல இளைக்கும். பயப்படாமல் தலையை மேலே வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைக் கடத்த வேண்டும்.

அடுத்த பத்து நிமிடம்: கையும் காலும் ஓரளவு சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு இரத்தம் கைகால்களை விட்டு உள்ளே போய்விடும். விரல் மரத்துப் போகும். எவ்வளவு பெரிய நீச்சல்காரனாக இருந்தாலும் கை அசையாது.

பிறகு ஒரு மணி நேரம்: உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். குளிரில் விறைத்துச் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் லைஃப் ஜாக்கெட் போடாதவன் பெரும்பாலும் அந்தக் கட்டம் வரை போவதே இல்லை. முதல் நிமிடத்திலோ, பத்தாவது நிமிடத்திலோ முடிந்துவிடுகிறது.

இப்போது புரிகிறதா? லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரியாதவனுக்கு மட்டும் என்ற நினைப்பு தவறு. நீச்சல் தெரிந்தவனும் நீந்த முடியாத அந்த நிமிடத்தில் அவன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கத்தான் அது.

இனி நீங்கள் சொல்லும் சாக்குகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

"படகில் இருக்கிறதே, விழுந்தால் போட்டுக்கொள்ளலாம்." காரில் விபத்து நடக்கும்போது சீட் பெல்ட் போட்டுக்கொள்வாயா? மாப்பிள்ளைக்குப் பித்தானையே கழற்ற முடியவில்லை. தண்ணீரில் மிதந்துகொண்டு ஜாக்கெட் மாட்டி, வாரை இழுத்து, கொக்கி போடுவாயா நீ?

"சட்டத்தில் போடச் சொல்லவில்லை." உண்மை. அங்கே சிறு பிள்ளைகள் அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். தண்ணீர் அந்தச் சட்டத்தைப் படிக்காது. அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கணக்கில் 2022இல் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 636 பேர். காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஜாக்கெட் அணியவில்லை.

"துப்பாக்கி தூக்க இடைஞ்சலாக இருக்கும், பளபளவென்று தெரிந்தால் வாத்து வராது." நாணல் நிறத்திலேயே வேட்டைக்கென்று ஜாக்கெட் கிடைக்கிறது. தோளில் பட்டை மாதிரி கிடந்து, தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்வதும் இருக்கிறது. எல்லா உடைக்கும் மேலே போட வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு மூலை ஆகாது.

"கரையோரம்தான் டீச்சர், ஆழமில்லை." ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பழமொழி சொல்கிறது. அது நம் ஊர்ப் பழமொழி. அங்கே ஆழத்தோடு குளிரையும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை விழுந்தது மார்பளவுத் தண்ணீரில்.

"காலையில் நல்ல வெயில்." இதற்கு ஒரு வரலாற்றுப் பாடம். 1940 நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்த நாளுக்கான விடுமுறை. காலையில் அந்தப் பருவத்துக்கே ஒவ்வாத வெதுவெதுப்பு. மினசோட்டாவில் மிசிசிப்பி ஆற்றங்கரை வினோனா பக்கம் எத்தனையோ பேர் மெல்லிய சட்டையோடு படகில் வாத்து வேட்டைக்குப் போனார்கள். வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்தன. புயலுக்கு முன்னால் ஓடி வருகின்றன என்று தெரியாமல் இவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு சூறைக்காற்று, மழை, பனி. ஆற்றில் அலை எழும்பிச் சின்னப் படகுகளைக் கவிழ்த்தது. நனைந்த உடம்போடு திட்டுகளில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் கிடந்தார்கள். அந்தப் புயலில் பல மாநிலங்களிலும் சேர்த்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். மினசோட்டாவில் மட்டும் 49 பேர். அவர்களில் பாதிப் பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மறுநாள் மேக்ஸ் கான்ராட் என்ற விமானி ஒரு குட்டி விமானத்தில் தாழப் பறந்து, மாட்டிக்கொண்டவர்களுக்கு உணவும் தீப்பெட்டியும் போட்டு, மீட்க வந்த படகுகளுக்கும் வழி காட்டினார். அந்த ஊர்க்காரர்கள், அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர்கள், அவர்களுக்கே இந்தக் கதி. நேற்றுப் போன உனக்கு?

"எல்லாம் விதி, தண்ணீரில் கண்டம் இருந்தால் என்ன செய்ய முடியும்?" இது உறவுகள் சொல்வது. என் பெரியம்மா மகன்கூட எழுதியிருக்கிறார். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்டம் ஜாதகத்தில் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் போட்டோவில் இருக்கிறது. பரிகாரமும் அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேயே இருக்கிறது.

இனி வீட்டுப்பாடம். போகாதே என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. போனால் இப்படிப் போங்கள்.

கரையில் கால் வைத்திருக்கும்போதே ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்குங்கள். திரும்பிக் கரையேறும் வரை கழற்றாதீர்கள்.

படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். நாய், துப்பாக்கி, மூட்டை மூட்டையாகப் பொம்மை வாத்துகள், நனைந்த உடை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நின்றுகொண்டு சுடாதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். ஒன்றுக்குப் போகப் படகோரம் எழுந்து நின்று விழுந்தவர்களும் உண்டு. வெட்கப்படாமல் ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பு வரை வரும் ரப்பர் உடையை அங்கே 'வேடர்ஸ்' என்கிறார்கள். நம் வேடர் இல்லை. அதற்கு மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் பாறாங்கல் மாதிரி கீழே இழுக்கும் என்பது தவறான பயம். ஆனால் படகில் ஏறும்போது அந்தத் தண்ணீர் முழுக்கப் பாரம்தான். பருத்தி உடை வேண்டாம், கம்பளி போடுங்கள்.

மோட்டார் ஓட்டுகிறவர், அவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அங்கே அது சட்டமே.

கவிழ்ந்தால் கரை பக்கம்தானே என்று நீந்தப் போகாதீர்கள். முதலில் மூச்சு. பிறகு படகைப் பிடித்து, முடிந்த அளவு உடம்பை அதன் மேல் ஏற்றுங்கள். சின்னப் படகுகள் பெரும்பாலும் தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும். படகு தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும், தலை தெரியாது. ஏற முடியாவிட்டால் முழங்காலை மார்போடு சேர்த்துக் குறுகிக்கொள்ளுங்கள். பல பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்தவரை நடக்க விடாதீர்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள். படுக்க வைத்து, நனைந்த உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் மூடி, உடனே 911. நல்ல நினைவோடு இருந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுக்கலாம். "சூடு ஏற ஒரு பெக்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மது உடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும். படகில் ஏறும் முன்னாலும் அதே விதி.

கடைசியாக, எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மனைவி திட்டுவாள் என்று சொல்லாமல் போகிறவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். அவள் திட்டட்டும்டா. தேடி வர ஒருத்தியாவது இருப்பாள்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப் போட்டோ வந்தால் "சூப்பர்" போடும் முன் ஒரு நொடி பெரிதாக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மேலே இல்லையென்றால் "எங்கே ஜாக்கெட்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் வெட்கத்துக்காவது போடுவான்.

மாணவனே, உன்னைப் பொதுவில் திட்டியதற்குக் கோபம் இருந்தால் போனில் சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன். நான் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டேன். இன்னொரு முறை அந்தப் பேனாவை எடுக்க என்னால் முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவாய் என்று தெரியும். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. முதல் லைக் என்னுடையது.

கரும்பலகை வாக்கியத்தை இன்று இப்படித் திருத்துகிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: நீச்சல் கற்றுக்கொள். குளிர்ந்த தண்ணீரில் அதை நம்பாதே. ஜாக்கெட்டை மாட்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்