ஒரே அம்பாரம் போதுமா?

அனுமந்தை வழியாகப் பேருந்தில் செல்லும் மாணவர்கள் உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நாட்களில் பாத்தியிலிருந்து வாரிய உப்பை மேட்டில் குவித்து, ஐப்பசி மழைக்கு முன் மூடி வைக்கிறார்கள். மேட்டிலேயே வெள்ளம் ஏறிவிட்டால் ஓர் ஆண்டின் உழைப்பு கரைந்து போகும். உப்பைப் படி எடுத்து வைக்க வழியில்லை. ஆனால் கணக்கைப் படி எடுக்கலாம் அல்லவா?

வங்கி, ரயில் முன்பதிவு, பங்குச் சந்தை ஆகியவற்றின் கணக்குகள் இன்று கணிப்பொறிகளில் உள்ளன. பல கணிப்பொறிகள் ஒரு பொதுச் சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு அமைப்பது ஒரு முறை. ஒரு கணிப்பொறி பழுதானால் மற்றொன்று வேலையை ஏற்கும். சேமிப்பகமே பழுதானால்? அதற்காக எழுதும் ஒவ்வொன்றையும் வேறிடத்துச் சேமிப்பகத்திலும் உடனுக்குடன் படி எடுக்கிறார்கள்.

இவ்வளவு செய்தால் கவலையின்றி உறங்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு என்பதே என் கருத்து.

2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வணிகம் முற்பகல் 11.40க்கு நின்றது. அங்கே படி இருந்தது. இரு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகளும் இருந்தன. ஆனால் முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள துணை மையத்துக்கும் இடையே, வழியில் நடந்த தோண்டும் வேலைகளால் இணைப்புகள் தடுமாறின. அதையொட்டிச் சேமிப்பகம் எதிர்பாராதபடி நடந்துகொண்டது. முதன்மைச் சேமிப்பகமே கணிப்பொறிகளுக்கு எட்டாமற் போயிற்று. வணிகம் மீண்டும் தொடங்கியபோது மணி பிற்பகல் 3.45.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மறுமுனை பேசவில்லை. அது பழுதாகிவிட்டதா, அல்லது கம்பி அறுந்ததா? மௌனம் ஒன்று, காரணம் இரண்டு. இரு மையங்களும் "இனி நானே தலைவன்" என்று எழுதத் தொடங்கினால் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சியை வைப்பதுண்டு. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே எழுதலாம்.

துணை மையம் எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும்? இதை இயற்பியல் தீர்மானிக்கிறது. ஒளியிழையில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. 1,000 கி.மீ. சென்று திரும்பக் குறைந்தது நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். "எழுதிவிட்டேன்" என்ற பதில் வரும்வரை ஒவ்வொரு பதிவும் வரிசையில் காத்திருந்தால் நொடிக்கு 100 பதிவுகளே முடியும். சந்தைக்கு அது போதாது. எனவே உடனடிப் படி அருகிலும், சற்றுப் பின்தங்கி வரும் படி தொலைவிலும் வைக்கப்படுகின்றன. அந்தச் சந்தையின் தொலைதூர மையம் நம் சென்னையில்தான் உள்ளது. மும்பைக்குப் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டுக்கும் ஒரே வேளையில் ஆபத்து நேர்வது அரிது.

ஆனால் பூட்டிய அறையிலுள்ள படி பயனற்றது. அதற்கு மாறிப் பழகவேண்டும். 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, பேரிடர் என அறிவித்த 45 நிமிடங்களில் மாற்று மையத்திலிருந்து இயங்கவேண்டும் என்று விதித்தது. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று, தனியே ஒரு வணிக நேரம் வைத்து, நடுவில் மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள். ஒத்திகையிலும் தவறு நேரலாம். ஆயினும் நாமே குறித்த நேரத்தில் நேரும் தவறு, புயல் குறித்த நேரத்தில் நேர்வதைவிட மேலானது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. மருத்துவமனை, ரேஷன், புயல் எச்சரிக்கை ஆகியவற்றின் கணக்குகளுக்கும் ஒத்திகை வேண்டும். ஆண்டுதோறும், மழைக்கு முன்பே வேண்டும். படி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். உங்கள் செய்முறைப் பதிவேட்டின் படியிலிருந்தே தொடங்கலாமே!