உழைக்கும் கைக்கு ஒரு கருவி

மனிதனுக்கு வாய்க்கும் பேறுகளுள், தன் உழைப்பால் வந்த சோற்றைத் தன் வீட்டாருடன் பகிர்ந்துண்ணும் பேறு மிகப் பெரியது. பிறர் இட்டதை உண்பவனுக்கு வயிறு நிறையலாம், மனம் நிறைவதில்லை. இதனை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும், கண்ணோ காதோ காலோ வலுவிழந்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச நேரும்போது மாத்திரம் மறந்துவிடுகிறோம். "பாவம், அவனை ஏன் வருத்துவான்? நாங்கள் இருக்குமட்டும் பார்ப்போந்தானே" என்கிறோம். சொல்பவரின் அன்பில் ஐயமில்லை. அவ்வன்பு அப்பிள்ளையின் ஆயுள் முழுவதற்கும் போதுமா என்பதையே இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

இது எங்கோ ஒரு சில வீடுகளின் கவலையன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனோருள் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றில் இடர்ப்படுகின்றனர். ஏறக்குறையப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். முதுமையால் தளர்ந்தோரும் இத்தொகையில் அடங்குவர். எனினும், வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தாலும் கண்ணிவெடியாலும் கால் இழந்து, உழைக்கும் வயதில் முற்றத்தோடு நின்றுபோனோர் எத்தனை பேர் என்பதை நம் அயலைச் சுற்றிப் பார்த்தாலே அறியலாம்.

நம் இலக்கிய வரலாற்றில் இரட்டையர் என்ற புலவர் இருவரை அறியாதார் இலர். ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்ல, ஊர் ஊராய்ச் சென்று பாடினர் என்பர். பிற்காலத்து அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகிலே எழுத்துக்களை எழுதிக் காட்டி ஆசிரியர் கற்பித்தார் என்பதும், அவர் யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றார் என்பதும் கர்ணபரம்பரைச் செய்திகள். இவற்றைக் கேட்டு வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். சற்றே ஊன்றி நோக்கினால் இங்கு மூன்று பொருள்கள் தோன்றும். காலுக்குப் பதிலாக ஒரு தோள் கிடைத்தது, அது கருவி. கண்ணுக்குப் பதிலாக முதுகில் எழுதும் முறை கிடைத்தது, அது பயிற்சி. பாடியபின் மதிக்கும் ஓர் அவை இருந்தது; அது வாய்ப்பு. இம்மூன்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அப்புலவர்களின் பெயர் நமக்கு எட்டியிராது. இன்று தொழில் தேடும் இளைஞர்க்கும் இம்மூன்றுமே வேண்டும்.

முதலிற் கருவியை எடுத்துக்கொள்வோம். பிரான்சு தேசத்தில் 1809இல் பிறந்த லூயி பிறெயில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் ஊசி குத்தி, மூன்று வயதிற் கண் இழந்தவர். படையினர் இருளில் தடவி வாசிப்பதற்கென்று பார்பியே என்பார் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை, விரல் நுனி ஒன்றினுள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, தமது பதினைந்தாம் வயதிலேயே புதிய எழுத்தை ஆக்கினார். 1951ஆம் ஆண்டளவில் இப்பகுதி மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிறெயில் முறை வகுக்கப்பட, தமிழும் அதில் இடம்பெற்றது.

செயற்கைக் காலின் கதையும் கேட்கத்தக்கது. மேல்நாட்டார் செய்த கால் சப்பாத்து அணிந்து நாற்காலியில் இருப்போருக்கு ஏற்றது. சம்மணமிட்டு உண்பவருக்கும், வெறுங்காலுடன் சேற்று வயலில் இறங்குபவருக்கும் அது உதவவில்லை. 1968இல் ஜெய்ப்பூரிலே, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து இறப்பரைக் கொண்டு ஒரு காலை உருவாக்கினர். அதனை அணிந்தவர் குந்தி இருக்கலாம், மரம் ஏறலாம், நீரில் நடக்கலாம். யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் ஒன்று இத்தகைய கால்களைப் பொருத்திப் பலரை மீண்டும் தொழிலுக்கு அனுப்பியிருக்கிறது. உரியவரின் வாழ்க்கையை அறிந்து செய்யும் கருவியே உதவும் என்பது இக்கதை தரும் பாடம்.

இக்காலத்தின் பெருங்கருவி கணினி. திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்கள் பல உள. முன்னாளில் அவற்றின் விலை நம்மவர்க்கு எட்டாக்கனியாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன், ஜேம்ஸ் தே என்ற இருவர், தாமே கண்பார்வை அற்றவர்கள், 2006ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியால் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் உலகுக்கு இலவசமாகக் கிடைத்தது. அது தமிழையும் வாசிக்கும். கைத்தொலைபேசிகளிலும் இத்தகைய வசதி உள்ளடங்கியே வருகிறது. ஆகவே, "கருவிக்குப் பணம் எங்கே?" என்ற பழைய வினா இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது.

இனிப் பயிற்சி. அலுமாரியில் வைத்த வீணை பாடாது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்து, உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் வேளையிலே முதன்முறையாகத் தட்டெழுத்துப் பலகையைத் தொடும் இளைஞன் என் செய்வான்? விழிப்புலனற்ற பிள்ளை பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பலகையை விரலால் அறிந்திருத்தல் வேண்டும். வெண்பிரம்புடன் தனியே கடைக்குச் சென்று மீளப் பழகியிருத்தல் வேண்டும். செவிப்புலனற்ற பிள்ளைக்குச் சைகைமொழி இளமையிலேயே வாய்த்து, அதன் துணைகொண்டு தமிழை எழுதவும் வாசிக்கவும் திறம்படக் கற்பித்தல் வேண்டும். பிற்காலத்தில் மேலாளரோடு அவர் பேசப்போவது பெரும்பாலும் எழுத்தாலேயே. கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலையும் சுன்னாகத்து வாழ்வகமும் இத்துறையில் ஆற்றும் பணி நம் நன்றிக்குரியது. ஆயினும், எல்லாவற்றையும் அவர்கள் தலையிலே சுமத்திவிட்டு மற்றைய பாடசாலைகள் ஒதுங்கி இருத்தல் நியாயமாகாது.

எம்போன்ற ஆசிரியர்க்கும் அலுவலகத்தார்க்கும் செலவில்லாத பணி ஒன்று உண்டு. நம்மிற் பலர் இன்னமும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே பாடக்குறிப்புகளையும் விண்ணப்பப் படிவங்களையும் அடிக்கிறோம். கண்ணுக்கு அவை தமிழாகத் தோன்றினும் கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக்களே. அவ்வாறு அடித்த ‘அம்மா’ என்ற சொல்லை வாசிக்கும் மென்பொருள் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே சொல்லும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் இருபது பக்கக் குறிப்பை இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதே குறிப்பை யூனிகோட் முறையில் அடித்தால் ஒவ்வொரு சொல்லும் தமிழாகவே அவன் காதில் விழும். தாளைப் படம் பிடித்து அனுப்பும் வழக்கத்துக்கும் இதுவே பொருந்தும். படத்தை அப்படியே வாசிக்க அக்கருவியால் இயலாது.

மூன்றாவது வாய்ப்பு. சட்டத்தில் நமக்குக் குறைவில்லை. 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரசாங்க சேவையின் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை வலுவிழந்தோருக்கு ஒதுக்குமாறு கூறிற்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. பொதுக் கட்டடங்களுக்கு யாவரும் சென்றுவர வழியிருத்தல் வேண்டும் என 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் எழுந்தன. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. இவை இருந்தும், நேர்முகப் பரீட்சை இரண்டாம் மாடியில் நடந்தால், சக்கர நாற்காலியில் வந்தவருடைய உரிமை படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிடுகிறது.

தொழில் கொடுப்போர் சிலர், "இவரால் என்ன செய்ய இயலாது?" என்றே முதலிற் கேட்கின்றனர். "எந்த வேலை, எந்தக் கருவியோடு, எந்த நேரத்தில்?" என்று கேட்பதே முறை. தொலைபேசி வழி வாடிக்கையாளருக்கு மறுமொழி சொல்வோருக்குக் கண் வேண்டுவதில்லை. தையல் இயந்திரத்தில் இருப்போருக்குக் காது வேண்டுவதில்லை. மேசையின் உயரத்தைச் சற்று மாற்றுதல், வாயிலில் ஒரு சாய்தளம் அமைத்தல், கட்டளையை எழுத்தில் கொடுத்தல் ஆகியனவே பல இடங்களில் வேண்டப்படும் மாற்றங்கள். அவற்றாற் பிறரும் பயனடைவர். இத்தாலியில் பெல்லெகிரினோ தூரி என்பவர் 1808ஆம் ஆண்டளவில், பார்வை இழந்த பெண்மணி ஒருவர் கடிதம் எழுதுவதற்கென்றே தட்டெழுத்துப் பொறியொன்றைச் செய்தார். அவ்வகைப் பொறி பின்னர் உலகத்து அலுவலகங்களுக்கெல்லாம் இன்றியமையாததாயிற்று.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் இருக்குமட்டும்" என்கிறீர்கள். அதற்குப் பின்? மூத்தவன் பார்ப்பான், தங்கை பார்ப்பாள் என்பது விடையாகலாம். ஆனால் அப்பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் அவனை இன்னொருவர் கடனாக எழுதிவைப்பது பொருந்துமா? என்ன தொழிலை விரும்புகிறாய் என்று மற்றைய பிள்ளைகளைக் கேட்பதுபோல் அவனையும் கேளுங்கள். வீட்டில் ஒரு வேலையை, அது எத்துணைச் சிறிதாயினும், அவனுடைய பொறுப்பாகக் கொடுங்கள். பிழைவிட்டால் திருத்துங்கள், பிடுங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் உளர். சமூக சேவைகள் திணைக்களம் நடத்தும் தொழிற்பயிற்சி, துணைக்கருவி உதவி என்பன பற்றி அவரிடம் கேட்டறியலாம். பல்கலைக்கழக அனுமதியிலும் இத்தகைய மாணவர்க்கு விசேட ஏற்பாடு உண்டு. பரீட்சைகளிற் பிறெயில் வினாத்தாளும் மேலதிக நேரமும் கேட்டுப் பெறலாம். ஆனால் விண்ணப்பங்கள் அனைத்துக்கும் காலவெல்லை உண்டு. ஆதலால் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகட்டும் என்று காத்திராது, இந்தத் தவணையிலேயே ஒருநாள் அவனையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.