வாரத்துக்கு ஒருநாள் வாத்தியார் போதுமா?

காலை எட்டரை மணி பஸ். நிற்க இடம் இல்லை. கம்பியைப் பிடித்தபடி ஓர் அம்மா நிற்கிறார். தோளில் கனமான பை. இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

"என்னம்மா இது, பைக்குள்ள கல்லா வெச்சிருக்கே?" என்று ஒருவர் முறைக்கிறார்.

பைக்குள் இருப்பது கல் அல்ல. எழுத்து!

பிரெய்ல் பலகை, எழுத்தாணி, தடித்த காகிதக் கட்டு, மணிச்சட்டம், அட்டையில் நூல் ஒட்டிச் செய்த தமிழ்நாட்டு வரைபடம். இவ்வளவையும் சுமந்துகொண்டு அந்த அம்மா போவது ஓர் அரசுப் பள்ளிக்கு. அங்கே மூன்றாம் வகுப்பில் பார்வையில்லாத பையன் ஒருவன் காத்திருக்கிறான். நாளைக்கு அவர் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நாளை மறுநாள் இன்னொரு பள்ளி.

இந்தப் பையனை மறுபடி பார்க்க அடுத்த வாரம் ஆகும்!

இது ஏதோ ஓர் ஊர்க் கதை அல்ல. வட்டார வள மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பள்ளி பள்ளியாக அலையும் ஆசிரியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 'சிறப்புப் பயிற்றுநர்' என்று அவர்களுக்குப் பெயர். பெயரில் சிறப்பு இருக்கிறது. பிழைப்பில் இருக்கிறதா?

மற்ற நாலு நாள்

அந்த அம்மா வராத நாலு நாளும் பையன் என்ன செய்வான்?

பள்ளிக்கு வருவான். பெஞ்சில் உட்காருவான். ஆஜர் சொல்வான். மத்தியானம் சாப்பிடுவான். சாயந்திரம் வீட்டுக்குப் போவான்.

வகுப்பு டீச்சர் கெட்டவர் அல்ல. முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறார். கரும்பலகையில் கணக்கை எழுதிப்போட்டு, "இதையும் இதையும் கூட்டினா எவ்வளவு?" என்று கேட்கிறார்.

எதையும் எதையும்? பையனுக்கு எப்படித் தெரியும்?

"ஏழையும் எட்டையும் கூட்டினா எவ்வளவு?" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அவனும் கை தூக்குவான். இந்தச் சின்ன விஷயத்தை வகுப்பு டீச்சரிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைகிறார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்வை அடியோடு இல்லாமல் போவதில்லை. பலருக்குக் கொஞ்சம் தெரியும். முன் பெஞ்சில் உட்கார வைத்தால் தெரியும். கறுப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் தெரியும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் முதுகுப் பக்கம் திருப்பி உட்கார வைத்தால் தெரியும். இது புரியாத இடத்தில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பட்டம், 'சோம்பேறி', 'மக்கு'. விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு பிரச்சினை தீர்ந்துபோகும்.

போன்தான் பேசுதே!

"இந்தக் காலத்துல போனே படிச்சுக் காட்டுது. பிரெய்ல் எதுக்கு சார்?" என்று கேட்பவர்கள் உண்டு.

நியாயமான கேள்விதான். போன் படிக்கிறது. கம்ப்யூட்டரும் படிக்கிறது. பார்வையற்றோருக்கு அது பெரிய வரம். மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். பனி என்றால் மார்கழியில் கொட்டுவது. பணி என்றால் ஆபீசில் பார்ப்பது. அவசரமாகப் பேசும் வாயில் இரண்டும் ஒன்றுதான். அரை, அறை? மரம், மறம்? காதால் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எங்கே ரெண்டு சுழி, எங்கே மூணு சுழி என்பது எப்படித் தெரியும்?

பார்வை உள்ள பிள்ளை இதைக் கடைப் பலகையில் பார்க்கும், பஸ் போர்டில் பார்க்கும், சினிமா போஸ்டரில் பார்க்கும். பார்த்துப் பார்த்தே எழுத்து மனதில் தங்கிவிடும். பார்வையில்லாத பிள்ளைக்குப் போஸ்டர் கிடையாது. அதன் விரல் நுனிதான் போஸ்டர்.

நாளைக்கு அந்தப் பையன் பெரியவனாகி, 'பனி நியமனம் வேண்டி' என்று விண்ணப்பம் தட்டினால் ஆபீசில் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள். பையன் முட்டாள் என்று பைலை மூடுவார்கள். முட்டாள் அவனா?

ஆறு புள்ளி

கைவிரலால் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு லூயி பிரெய்ல். பிறந்தது 1809-ல். அப்பாவுக்குத் தோல் வேலை. பட்டறையில் விளையாடிய சிறுவனின் கண்ணில் தோல் குத்தும் ஊசி பாய்ந்தது. ஒரு கண்ணில் பட்ட காயம் இரண்டு பார்வையையும் கொண்டுபோனது. பதினைந்து வயதில், 1824-ல், அந்தப் பையன் ஆறு புள்ளிகளை வைத்து ஓர் எழுத்து முறையையே உருவாக்கிவிட்டான். ஆறே புள்ளி. அதை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவம்!

1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் 'பாரதி பிரெய்ல்' வந்தது. தமிழின் ழகரத்துக்குத் தனி வடிவம். றகரத்துக்குத் தனி. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, எல்லாம் தனித்தனி. விரலால் தடவிப் படித்த பிள்ளை பனியையும் பணியையும் குழப்பிக்கொள்ளாது.

ஆனால் இது சுலபமான வித்தை அல்ல. பலகையில் காகிதத்தைச் செருகி, எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். பிறகு காகிதத்தைத் திருப்பி, மறுபக்கம் புடைத்து நிற்கும் புள்ளிகளை இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். எழுதும்போது ஒரு திசை, படிக்கும்போது எதிர்த் திசை!

தினமும் கை படாமல் இது வருமா?

டைப்ரைட்டிங் கற்றவர்களைக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் யாராவது லோயர் பாஸ் பண்ணியது உண்டா? தினமும் உட்கார்ந்து தட்டினால்தானே விரலுக்கு எழுத்து பழகும்? பெரியவர்களுக்கே அப்படி. ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வாரம் ஒரு நாள் போதுமாம்!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பாட்டி சொன்னது சும்மா அல்ல.

பாஸ், பாஸ், பாஸ்!

எட்டாம் வகுப்பு வரை பெயில் கிடையாது. அது நல்லதுதான். ஆனால் பார்வையில்லாத பையன் விஷயத்தில் அதுவே ஒரு திரையாகிவிடுகிறது. எழுத்து தெரியாமலே மேலே மேலே போகிறான். ரிப்போர்ட் கார்டில் குறை தெரியாது.

பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத் தேர்வு. பார்வையில்லாத மாணவருக்கு அரசு சலுகை தருகிறது. சொல்வதை எழுத ஆள் உண்டு. கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. வேண்டிய சலுகைதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சொந்தமாக ஒரு வரி எழுதிப் பழகாதவன், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு பக்கக் கட்டுரையை எப்படிச் சொல்வான்? தன் கையால் கணக்குப் போட்டுப் பழகாதவன், வாயால் எப்படிப் போடுவான்? பத்து வருஷம் கொடுக்காததை ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட முடியுமா?

தனிப் பள்ளி இல்லையா?

"அவங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கே, அங்கே சேர்த்தா என்ன?" என்பது அடுத்த கேள்வி.

இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1890-லேயே தொடங்கிய பள்ளி இருக்கிறது. பூந்தமல்லியில் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து ஆளானவர்கள் ஏராளம். அந்தப் பள்ளிகளுக்குக் கும்பிடு போடலாம்.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ஆஸ்டலில் விட்டுவிட்டு வர எல்லாத் தாய்க்கும் மனம் வருமா? உள்ளூர்ப் பள்ளியா, தனிப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுக்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு என்றும் சொல்கிறது. பிரெய்ல் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

உள்ளூர்ப் பள்ளி என்று தேர்ந்தெடுத்தால், அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டாமா? சாப்பாடு உண்டு என்று போர்டு போட்டுவிட்டு, உள்ளே வெறும் இலையைப் போட்டால் எப்படி?

கோர்ட்டு சொன்னது

பொதுப் பள்ளியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் மத்திய அரசின் திட்டம் வந்தது 1974-ல். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது!

2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் சிறப்பு ஆசிரியர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற கணக்கை மத்திய அரசு உடனே அறிவிக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் சிறப்புக் கவனம் தேவைப்படும் 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 2022-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025 மார்ச்சில் கோர்ட்டு மறுபடி மாநிலங்களைப் பிடித்தது. எத்தனை பணியிடம் தேவை என்று கணக்கெடுத்து, அறிவித்து, நிரப்பச் சொன்னது.

ஆக, சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. கணக்கும் இருக்கிறது. வகுப்பில் ஆள்தான் இல்லை!

இருக்கிற ஆளின் நிலை என்ன? நிரந்தர வேலை இல்லை. ஒப்பந்தம். தொகுப்பூதியம். ஒவ்வொரு வருஷமும், நீட்டிப்பு வருமா வராதா என்ற கவலை. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்று, அதற்கென்றே படித்துத் தேறி வந்தவர்கள் இவர்கள். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தவரைப் பார்வையில்லாத பிள்ளையிடம் அனுப்புவது. பல் டாக்டரைக் கண் ஆபரேஷனுக்கு அனுப்புவது போல!

என்ன செய்யலாம்?

வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. நாலே காரியம்.

ஒன்று: ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, பார்வையில்லாத பிள்ளைக்குத் தினமும் ஒரு மணி நேரம் பிரெய்ல் கட்டாயம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்றுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தால் இது நடக்கும். அடித்தளம் பலமாகிவிட்டால் மேல் வகுப்பில் வாரம் இரண்டு நாள் போதும்.

இரண்டு: பிரெய்ல் படித்தவரைத்தான் பிரெய்ல் பிள்ளையிடம் அனுப்ப வேண்டும்.

மூன்று: பள்ளி திறக்கும் அன்றே எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் பாடப் புத்தகம். தைப் பொங்கலுக்கு வரும் புத்தகம் யாருக்கு?

நான்கு: நிரந்தரப் பணியிடம். மூன்று வருஷம் ஒரே பிள்ளையோடு இருந்தால்தான் அந்தப் பிள்ளையின் விரல் எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். அடுத்த வருஷம் தானே இருப்போமா என்று தெரியாதவர் அதை எப்படிக் கவனிப்பார்?

"ஒரு பிள்ளைக்காக இவ்வளவு செலவா?" என்று கணக்குப் பார்ப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், பார்வை முழுவதும் இல்லாதவர், 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பேப்பரில் படம் வந்தது. ஊரே மெச்சியது. இப்படி ஜெயித்தவர்களை மெச்சும்போது, முதன்முதலில் அவர்கள் விரலைப் பிடித்து முதல் புள்ளியில் வைத்த ஆசிரியரை யாராவது நினைத்தார்களா? அந்த ஆசிரியர் கிடைத்தவர்கள் படத்தில் வருகிறார்கள். கிடைக்காதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஆஜர் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நாளைக்குக் காலையில் அதே பஸ் வரும். அதே அம்மா அதே பையோடு ஏறுவார். உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். பயணிகளால் முடிந்தது அவ்வளவுதான்.

பாக்கிச் சுமையை இறக்க வேண்டியது கோட்டை!