வெட்கம் கொல்லும் வாலிபர்

நம்மவர் வீடுகளில் வாய்விட்டுப் பேசக்கூடாதவை எனச் சில விஷயங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் தலையானவை, வாலிபர்களின் இரத்தத்தில் மறைந்து பரவும் எச்.ஐ.வி.யும், ஹெப்படைட்டிஸ் என்னும் ஈரல் அழற்சியும் ஆகும். லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு வாலிபன் உடல் இளைத்து மாண்டால் ‘ஏதோ காய்ச்சல்’ என்கிறோம். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து மாண்டால் ‘குடித்துக் கெட்டான்’ என்கிறோம். பிறகு தலைவிதியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கருமாதிக்கு நாள் பார்க்கிறோம். இப்பொய்யை இனியும் பொறுக்க இயலாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

மலேசியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில். 2002ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் பதிவானோர் 6,978 பேர். அக்காலத்தில் பெரும்பாலோருக்கு இது தொற்றியது, போதை மருந்து ஏற்றும் ஊசியைப் பலர் பகிர்ந்து கொண்டதனால். சர்க்கார் 2005இல் மெதடோன் மருந்தும், 2006இல் சுத்தமான ஊசியும் வழங்கத் தொடங்கியபோது, ‘இது பாவத்திற்குத் துணை போவதாகும்’ என்று கூக்குரலிட்டவர் பலர். நடந்ததென்ன? இன்று ஊசி வழியாகத் தொற்றுவது நூற்றுக்குச் சிலருக்கே. புதிதாகப் பதிவாவதும் ஆண்டுக்கு மூவாயிரம் என்னும் அளவுக்கு இறங்கிற்று. உபதேசம் செய்ய முடியாததைச் சுத்தமான ஊசி செய்தது.

ஆனால் அம்மூவாயிரம் பேர் யார்? மிகப் பெரும்பான்மையோர் ஆண்கள்; அவர்களிலும் 20 முதல் 39 வயதுக்குட்பட்டவர்களே அதிகம். இப்போது வழி பாலுறவு. அதில் ஆணும் ஆணும் கூடும் உறவின் வழி வருவது பாதிக்கு மேல். ‘நம் குலத்தில் அவ்வழக்கம் இல்லை’ என்று மீசை முறுக்கும் பெரியவர்களைக் கேட்கின்றோம்: கிருமி எந்தக் காலத்தில் குலம் கோத்திரம் விசாரித்தது?

ஈரல் அழற்சியின் கதை வேறு. ‘பி’ வகைக்கு 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஆகவே இளையோரிடம் அது குறைந்திருக்கிறது. ‘சி’ வகைக்குத் தடுப்பூசி இல்லை. பகிர்ந்த ஊசியாலும், சுத்தம் செய்யாத பச்சை குத்தும் ஊசியாலும், ஒருவர் இரத்தம் பட்ட சவரக் கத்தியாலும் அது பரவும். 2009ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் அதற்கு ஆளாகியிருந்ததாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். இருபது ஆண்டு வரையிலும் வலி காட்டாதிருந்து, பின் ஈரலைச் சுருக்கிக் கொல்லும் வியாதி இது.

இதற்கு மருந்தில்லையா என்றால், உண்டு. 2013இல் அமெரிக்காவில் பன்னிரண்டு வார மாத்திரைக்கு விலை 84,000 டாலர். காப்புரிமை பெற்ற கம்பெனியின் சம்மதத்திற்குக் காத்திராமல், மலிவான மருந்தைத் தருவிக்கும் உரிமையை மலேசிய சர்க்கார் 2017இல் சட்டப்படி கையில் எடுத்தது. 2018 முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர். உலகம் வியந்த காரியம் நம் வாசலில் நடந்திருக்க, நம்மவர் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டிருப்பது நியாயமா?

நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட காலத்தில், லயங்களில் குளிர்காய்ச்சல் கும்பல் கும்பலாக வாரிக்கொண்டு போயிற்று. முனி அடித்ததென்று கோழி அறுத்தார்கள். 1897இல் ரொனால்ட் ராஸ், அதைப் பரப்புவது கொசுவென்று காட்டினார்; 1901 தொட்டு கிள்ளான் பக்கத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்தார்; காய்ச்சல் தணிந்தது. தணித்தது கோழியன்று, வாய்க்கால். இக்கதையைக் கேட்டு வளர்ந்த பேரன்மார் மறுபடியும் கோழியைத் தேடலாமா?

கலியாணமென்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இரத்தம் பார்ப்போமென்று சொன்னால் ‘மானம் போயிற்று’ என்கிறோம். இந்நாட்டு முஸ்லிம் மணமக்கள் திருமணத்திற்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்வது பல ஆண்டுகளாக விதியாக இருக்கிறது. அவர்கள் மானம் எங்கே போயிற்று? சோதனை என்பது ஒருவனைத் தள்ளிவைப்பதற்கன்று. தினந்தோறும் மருந்துண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி நிற்பவனிடமிருந்து பாலுறவின் வழி எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. அவன் மணம் செய்யலாம், மக்களைப் பெறலாம், முதுமை வரை உழைக்கலாம்.

அவனுக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுப்பவர்கள் அறிய வேண்டுவது ஒன்று: உடன் உண்பதாலோ, தொடுவதாலோ எச்.ஐ.வி. ஒட்டாது. ஒதுக்கி வைப்பதால் விளைவது, அடுத்த வாலிபன் சோதனைக்குப் போக அஞ்சுவதே. அவ்வச்சமே கிருமிக்குக் கிடைத்த துணைவன்.

ஆகவே, லூமுட் வட்டாரத்துக் கோவில் கமிட்டியாரையும் வாலிபர் சங்கத்தாரையும் கேட்டுக் கொள்கின்றோம். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறீர்கள். அப்பந்தலின் ஓரத்தில் சர்க்கார் கிளினிக் ஊழியர்க்கு ஒரு மேசை போடுங்கள். நும் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். பெரியவர்களும் கை நீட்டி இரத்தம் கொடுங்கள். அதற்குத் துணியாதவர்கள் இனி எந்த வாலிபன் பிணத்தின் முன்னும் விதியென்று சொல்லி அழ வேண்டாம்.