ஸ்விட்சைத் தொடாதே, தம்பி!

மனைவி ஊரில் இல்லாத வாரத்தில்தான் ஒரு புருஷனுக்குத் தன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரியவருகிறது. எனக்குச் சர்க்கரை டப்பா இரண்டாம் நாள் அகப்பட்டது. டீத்தூள் மூன்றாம் நாள். நான்காம் நாள் கேஸ் தீர்ந்தது!

புக் பண்ணினேன். இரண்டு நாள் கழித்துக் காலை எட்டே முக்காலுக்கு, நான் ஒரு காலை மட்டும் பேன்ட்டுக்குள் விட்டிருந்த சமயம் பார்த்து, வாசலில் ‘ணங்’கென்று சத்தம். சிலிண்டர்!

“சீல் சரியா இருக்கா பார்த்துக்குங்க ஸார். எடை போட்டுக் காட்டறேன். வால்வையும் செக் பண்ணிடலாம். ரெண்டே நிமிஷம்.”

“வேணாம் அண்ணே. ஆபீஸுக்கு லேட்டாச்சு. அப்படியே வெச்சுட்டுப் போங்க.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷத்தை இப்படி மிச்சம் பிடித்த நான், அன்று ஆபீஸ் கேன்டீனில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து இந்திய கிரிக்கெட் அணியைத் திருத்தி அமைத்தேன் என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் வந்ததும் சீலைப் பிய்த்து, மூடியைக் கழற்றி, ரெகுலேட்டரை வைத்து அழுத்தினேன். ‘க்ளிக்!’ படித்தது பி.காம். என்றாலும் நமக்கும் எஞ்சினீயரிங் வருகிறதே என்று ஒரு பெருமிதம். டீ போட்டேன். அடுப்புப் பக்கம் ‘ஸ்ஸ்...’ என்று மெல்லிசாக ஒரு சத்தம். பால் பொங்குகிற சத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீயைக் குடித்தேன், அடுப்பை அணைத்தேன், ரெகுலேட்டரை மூட மறந்தேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மணி பத்து. கதவைத் திறந்தால் இருட்டு. கூடவே அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். ‘முந்தாநாள் குருமா வேலையைக் காட்டுது போல’ என்று நினைத்தபடியே கை தானாகச் சுவரைத் தடவி ஸ்விட்சுக்குப் போனது.

“தம்பி! ஸ்விட்சைத் தொடாதே!”

மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா. எழுபது வயசு. வாடகைக்கு ஒரு நாள் தாமதமானால் கேட்கும் அதே குரல். அன்றைக்கு அது தெய்வத்தின் குரலாகக் கேட்டது.

“படி வரைக்கும் நாத்தம் வருது. லைட்டும் வேணாம், ஃபேனும் வேணாம். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திற. ரெகுலேட்டரை மூடிட்டுக் கழட்டு. அந்த வெள்ளை மூடியைப் போடு. போட்டுட்டு வெளியே வா!”

இருட்டில் தடவித் தடவிச் செய்தேன். மீட்டர் பெட்டி வீட்டுக்கு வெளியே இருந்ததால் மெயினையும் கீழே போய் அணைக்கச் சொன்னார். “உன் ஃப்ரிட்ஜ் தானா ஓடும், தானா நிக்கும். அதுலயும் பொறி வருமே!”

செல்போனைக்கூடத் தெருவுக்கு வந்துதான் எடுக்கவிட்டார். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்று ஒரு எண் இருக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும். அதில் சொன்னேன். அப்புறம் இருவரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்தோம். உள்ளே அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் சமையலறைக்கு நேர் கீழ் அறையில். அதைக் கவனித்த பிறகுதான் ஸார், எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

மறுநாள் காரணம் தெரிந்தது. வால்வுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது. மோதிரம் அளவுகூட இல்லாத வஸ்து. காலையில் நான் வேண்டாமென்ற அந்த இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து மாற்றியிருப்பார்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாதாம்! மெர்காப்டன் என்கிற நாற்றச் சரக்கை வேண்டுமென்றே கலக்கிறார்கள். நம் மூக்குக்குத் தந்தி அடிக்கத்தான். இந்த அருமை உலகத்துக்குப் புரிந்த கதை சோகமானது. 1937 மார்ச் 18. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே கசிந்தது வாசனை சேர்க்காத இயற்கை எரிவாயு. யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் மரம் தேய்க்கும் மின்கருவியை ஓடவிட்டபோது எழுந்த பொறிதான் காரணம் என்கிறார்கள். ஏறத்தாழ 300 பேர் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் வாசனை சேர்க்கச் சட்டம் வந்தது.

அவர்களுக்கு எச்சரிக்க ஒரு வாசனை இல்லை. எனக்கு இருந்தது. நான் அதைக் குருமா என்றேன்!

இன்னொன்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் ஜன்னலோடு கதவையும் திறக்கச் சொல்கிறார்கள். சிலிண்டரை அலமாரிக்குள் வைத்தால் கீழ்ப்பக்கம் காற்றுத் துவாரம் வேண்டும் என்பதும் அதற்காகத்தான்.

அறை நண்பர்களோடு சமைத்துச் சாப்பிடும் பேச்சிலர் தம்பிகளுக்கு ஒரு விசேஷ விண்ணப்பம். கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருட்டுவீர்களே... நானும் செய்தவன்தான். அக்கவுன்டன்ஸி படித்த புத்தி, கடைசிப் பைசா வரைக்கும் வசூலிக்கச் சொல்லும். ஆனால் உள்ளே இருப்பது திரவம். நிமிர்ந்து நிற்கும்போது மேலே ஆவி மட்டும் வெளியே வரும். படுத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும். அது ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். அப்புறம் அடுப்பில் எரிவது நீலப்பூ அல்ல, தீவட்டி! சிலிண்டருக்கு வெந்நீர் அபிஷேகமும் வேண்டாம்.

மற்றபடி பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு சந்தேகமா? சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தீக்குச்சியால் சோதிப்பவர்களுக்கு இரண்டாவது சோதனை தேவைப்படாது. சிலிண்டர் கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். ஏ முதல் டி வரை வருஷத்தின் நான்கு காலாண்டுகள். ‘டி-28’ என்றால் 2028 டிசம்பர் வரை. தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

இத்தனையும் மறந்துபோனாலும் ஒன்றே ஒன்று ஞாபகமிருக்கட்டும். மூக்கு ஏதாவது சொன்னால், கை ஸ்விட்சுக்குப் போகக் கூடாது.

மனைவி ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. நேராகக் கீழே போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திட்டியிருக்கலாம்.

போன வாரம் அடுத்த சிலிண்டர் வந்தது. அதே அண்ணன், அதே எட்டே முக்கால். இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பப் போனார்.

“அண்ணே, எடை போடுங்க. வால்வையும் செக் பண்ணிடுங்க.”

“ஆபீஸுக்கு லேட்டாயிடுமே ஸார்?”

“ஆகட்டும் அண்ணே!”