காட்டிலா, கடைவீதியிலா?

நவ்தீப் சிங் இயக்கி 2015 மார்ச் 13-ல் வெளியான ‘என்.எச். 10’ என்ற இந்திப் படம் குலை நடுங்க வைப்பது. தன் விருப்பப்படி மணந்த பெண்ணையும் அவள் கணவனையும், அவளது அண்ணன் கூட்டமே ஹரியானாக் காட்டில் கொல்கிறது. அதைக் கண்டுவிட்ட நகரத்துத் தம்பதியை இரவெல்லாம் வேட்டையாடுகிறது. பேயுமில்லை, பிசாசுமில்லை. ஜாதி வெறி ஒன்றே போதுமாயிருக்கிறது!

குர்காவ்னின் கடைசி மால் முடியுமிடத்தில் அரசியல் சட்டமும் முடிந்துவிடுகிறது என்கிறார் படத்தில் ஒரு போலீஸ்காரர். இதை நாம் ஒப்பவில்லை. படம் வந்து சரியாக ஓராண்டில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் ஒரு தலித் இன்ஜினீயரிங் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவியும் வெட்டுப்பட்டார். அது காடா? ஜனங்கள் நடமாடும் கடைவீதி!

படத்து நாயகி இரும்புத் தடியால் பழி தீர்க்கிறாள். கொட்டகையில் கைதட்டலாம். ஆனால் ஊரைவிட்டு ஓடிவந்து வண்ணாரப்பேட்டைச் சந்தில் குடித்தனம் வைக்கும் ஜோடிக்குத் தடி உதவுமா? தனிச் சட்டம் வேண்டும். 2012-லேயே சட்டக் கமிஷன் தன் 242-வது அறிக்கையில் மசோதா வரைந்து தந்தது. ஜில்லாதோறும் தனிப் பிரிவு அமைக்க 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 24 மணி நேரத் தொலைபேசியும் வைக்கச் சொன்னது.

படத்தில், அடைக்கலம் கேட்டுவரும் பெண்ணைப் போலீசே காட்டிக்கொடுக்கிறது. நம் பேட்டையில் அந்தத் தொலைபேசி எண்ணை ஸ்டேஷன் சுவரில் எழுதி வையுங்கள். வந்த பெண்ணை ‘அப்பாவோடு போ’ என்று அனுப்பாதீர்கள்.