கணனிப் பக்கம்: சனம் கூடினால் இணையத்தளம் ஏன் திணறுகிறது?



2019 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி நண்பகல் 12 மணிக்கு, தாய் தகப்பனைக் கனடாவுக்கு அழைக்க விரும்புவோருக்கான படிவத்தை குடிவரவுத் திணைக்களம் இணையத்தில் திறந்தது. முந்தி வருபவருக்கே இடம் என்பது அந்த ஆண்டின் விதி. சுமார் பத்து நிமிடத்துக்குள் 27,000 இடங்களும் முடிந்து படிவம் மூடப்பட்டது. அதைத் திறந்துபார்க்க முயன்றவர்களோ ஒரு இலட்சத்துக்கும் அதிகம். பெற்றோரை ஊரில் விட்டுவந்த எமக்கு அந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நாட்டில் வதிவிட விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு என்று பல காரியங்கள் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் வரும்போது திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை இம்முறை பார்ப்போம். கணனி படிக்கும் பிள்ளைகளுக்கு இது தொழில். மற்றவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

ஊரில் சங்கக்கடைக் கியூவில் நின்றவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். ஒருவர் கூப்பன் மட்டையைப் பார்த்துப் பதிவார். இன்னொருவர் அரிசி, சீனி நிறுத்துக் கொடுப்பார். கியூ ஒழுங்கை வரை நீண்டுவிட்டது என்று நிறுப்பதற்கு இன்னும் இரண்டு பேரை விட்டால் கியூ குறையுமா? மட்டை பதிபவர் ஒருவர்தான் என்றால் குறையாது. நிறுக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

இணையத்தளத்தை நடத்தும் சேவரிலும் இதே கதைதான். வருகின்றவர்களுக்குப் பதில் கொடுக்க அதற்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையான வேலையாட்கள் உண்டு. வேலையாட்கள் என்று நாம் சொல்வது ஒரே வேளையில் ஓடும் புரோகிராம்களை. அவை பெரும்பாலும் தரவுத்தளத்திடம் போய்த்தான் விவரம் எடுத்துவர வேண்டும். தரவுத்தளம்தான் அங்கே மட்டை பதிபவர்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு செக்கனுக்கு 40 பேர் வருகிறார்கள், ஒருவரின் அலுவல் முடிய அரைச் செக்கன் எடுக்கிறது என்றால், எந்த நேரத்திலும் உள்ளே 20 பேர் இருப்பார்கள். 20 வேலையாட்கள் போதும். தரவுத்தளம் களைத்து, அதே அலுவலுக்கு 2 செக்கன் எடுத்தால்? 80 வேலையாட்கள் வேண்டும். வரும் சனம் ஒருவர்கூடக் கூடவில்லை, ஆனால் சுமை நாலு மடங்கு. வருகையை நேரத்தால் பெருக்கும் இந்தச் சூத்திரத்துக்கு 1961 இல் நிரூபணம் கொடுத்தவர் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர். இன்றும் சேவர் வேலையின் அரிச்சுவடி இதுதான்.

இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவில் நடந்தது. 2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி, மருத்துவக் காப்புறுதி எடுப்பதற்கான ஹெல்த்கெயார்.கவ் என்ற அரச இணையத்தளம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சனம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே ஆறு பேர்!

பிழைகள் பல இருந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று வாசலிலேயே இருந்தது. விலையைப் பார்க்க மட்டும் வந்தவர்கூட முதலில் தன் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதனால் வந்த சனம் முழுவதும் அந்த ஒரு ஒடுக்கமான வாசலில் நெரிபட்டது. சாமான் விலை கேட்பவரையும் மட்டைக் கியூவில் நிறுத்தியது போலத்தான்.

திருத்த வந்தவர்கள் முதலில் செய்தது புது மெசின் வாங்குவதல்ல, அளப்பது. எந்த இடத்தில் எத்தனை செக்கன் போகிறது என்று காட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் விவரங்களை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திடம் கேட்காமல், ஒருமுறை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். இதற்குக் காஷ் என்று பெயர். கணக்குத் திறக்காமலே விலை பார்க்க வழி விட்டார்கள். சனம் மிஞ்சும்போது, பிறகு வருமாறு மின்னஞ்சலில் அறிவிக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 1 இல் அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, 8 செக்கன் எடுத்த பக்கம் 1 செக்கனுக்குள் வந்தது. ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் நிலையும் வந்தது.

பிள்ளைகள் இதிலிருந்து எடுக்க வேண்டியது மூன்று. முதலாவது, அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். சராசரியை மட்டும் பார்க்காமல், நூறு பேரில் கடைசியாகப் பதில் கிடைத்த ஐந்து பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்றும் பாருங்கள். இரண்டாவது, ஒரு முறையில் ஒன்றை மட்டும் மாற்றி, பொய்ச் சனத்தை அனுப்பிச் சோதியுங்கள். வேலையாட்களைக் கண்டபடி கூட்டினால் எல்லோரும் சேர்ந்து தரவுத்தளத்தின்மேல் விழுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். மூன்றாவது, தாங்காத அளவு சனம் வந்தால் வாசலிலேயே மரியாதையாக நிறுத்துங்கள். எல்லோரையும் உள்ளே விட்டு எல்லோரையும் வெறுங்கையோடு அனுப்புவதைவிட அது நல்லது.

மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். பக்கம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப அமத்தாதீர்கள். நீங்கள் விட்டுவிட்ட முதல் கேள்விக்கும் சேவர் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும். புதிய கேள்வியும் அதன் தலையில் ஏறும். காத்திருக்கும் வரிசை காட்டும் தளங்கள் சிலவற்றில், பக்கத்தைப் புதுப்பித்தால் உங்கள் இடமும் போய்விடலாம். விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை இரண்டு தரம் அமத்தாமல், உறுதிப்படுத்தும் இலக்கம் வந்ததா என்று பார்த்து எழுதி வையுங்கள்.

கடைசி நாள் மட்டும் பொறுத்திருக்காதீர்கள். 2016 ஜூன் 7 ஆம் திகதி இரவு, பிரித்தானியாவின் வாக்காளர் பதிவுத் தளம் காலக்கெடு முடிய இரண்டு மணித்தியாலம்கூட இல்லாத வேளையில் நெரிசலில் படுத்துவிட்டது. அரசு ஜூன் 9 நள்ளிரவு வரை நாளை நீடித்தது. எல்லா அலுவலகங்களும் அப்படி நீடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இனி, முதலில் சொன்ன கனடாப் படிவத்துக்கு வருவோம். 2020 இல் திணைக்களம் முறையை மாற்றியது. படிவம் ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை மூன்று கிழமை திறந்திருந்தது. பின்னர் குலுக்கல் முறையில் ஆட்களைத் தெரிவு செய்தார்கள். இடங்களைவிட ஆட்கள் அதிகம் என்பது மாறவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் விழுந்த சுமை மூன்று கிழமைக்குப் பரந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் உண்டு. வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கும், மெதுவாக ஆங்கிலம் வாசித்து விளங்கி நிரப்பும் ஒரு தாய்க்கும் ஒரே வாய்ப்புக் கிடைத்தது.

ஆகவே சேவர் விழாமல் நிற்பது மட்டும் வெற்றியல்ல. வரிசையை எப்படி வகுக்கிறோம் என்பதில்தான் யாருக்கு இடம் கிடைக்கும் என்பது தங்கியிருக்கிறது. நாளைக்கு எங்கள் பிள்ளைகள் இப்படியான தளங்களை அமைக்கும் கதிரைகளில் இருக்கப் போகிறார்கள். அப்போது அவர்கள் கியூவின் கடைசியில் நிற்பவரையும் நினைத்துக்கொள்ளட்டும்.